என் வாயால் வந்த விளக்கவுரை

எஸ்தர் அக்கா... நான் உன்னை ஏமாற்றினேன்!

சபையாரே, அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். அவள்தான் போய்விட்டாளே. "என்ட தம்பிக்கு ஆண்டவர் வேதத்தைத் திறந்து குடுத்திருக்கிறார்" என்று உங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லித் திரிந்தாள். நீங்களும் நம்பினீர்கள். அவளுக்கு நான் சொன்ன விளக்கங்களில் ஒன்றுகூட என்னுடையதில்லை. எல்லாம் களவெடுத்தவை.

வருகிற ஞாயிறு அவளுடைய நினைவு ஆராதனை. செய்தி கொடுக்கச் சொல்லிப் போதகர் ஐயா என்னைக் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஓட்டோக்காரனை! ஏன் கேட்டார்? அக்கா சொன்னதை நம்பித்தான். அந்த மேடையில் ஏறமுதல் இதை எழுதாவிட்டால் நான் மனிதனில்லை.

அம்மா இல்லாமல் போனபிறகு என்னை வளர்த்தவள் அக்கா. தையல் மெசினில் குனிந்து குனிந்தே என்னை ஆளாக்கினாள். சீனி வருத்தம் முதலில் அவளுடைய கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தை. பெரிய எழுத்துப் பைபிளையும் வாசிக்க முடியாமல் போன அன்று அவள் அழவில்லை.

"இனி உன்ட கண்தான்டா எனக்கு. வா, எந்தப் பைபிள் நமக்குச் சரியெண்டு பாப்பம்" என்றாள்.

அதை அவள் தெரிவு செய்த விதம் இருக்கிறதே, பெண் பார்க்கப் போன மாமியார் தோற்றுப்போவார்! நம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, பிறகு வந்த எளிய தமிழ், பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அன்ரியிடம் இரவல் வாங்கியது... மூன்றிலும் ஒரே பகுதியை என்னை வாசிக்க வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். பழையதின் நீளமான சொற்களில் நான் தடக்கித் தடக்கி விழ, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்தச் சின்னத் தமிழ் காணும் அக்கா. எனக்கு இதுதான் விளங்குது" என்றேன்.

"விளங்கினாக் காணுமா? வாயில நிக்க வேணாமா? பழசு வாய்க்கு, புதுசு மண்டைக்கு. ரெண்டும் வேணும்."

"அப்ப வயித்துக்கு?"

"வயித்துக்குப் புட்டு இருக்கு. முதல்ல வாசிடா!"

வேத விளக்கவுரை வந்தது சாய்ந்தமருதில் பழைய புத்தகம் விற்கும் முஸ்லிம் அண்ணரிடமிருந்து; அவரை எல்லோரும் காக்கா என்போம். வெளிநாடு போன யாரோ வீட்டைக் காலிசெய்தபோது கட்டோடு வாங்கியவற்றுள் அதுவும் கிடந்ததாம். தடித்த மூன்று பாகங்கள். மற்றப் பழைய தாள்களெல்லாம் கடலைச் சுருளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதை மட்டும் மேல் தட்டில் துணி விரித்து வைத்திருந்தார்.

"வேதத்தைப் பத்தின பொத்தகம் தங்கச்சி. இதக் கிழிச்சுக் கடல சுத்த ஏலுமா? ஓதுற ஆக்கள்ற கையில இரிக்கட்டும், கொண்டு போங்க" என்று அக்காவின் மடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு சட்டம் போட்டாள். "முதல்ல வசனம். மறுகா நீ என்ன நினைக்கிறாய், நான் என்ன நினைக்கிறன் எண்டு கதைக்க வேணும். விளக்கவுரைக்காரர் கடைசி. அவரை முதல்ல கதைக்க விட்டா நாம வாயே திறக்க மாட்டம்."

எவ்வளவு நல்ல சட்டம்! அதை முதலில் உடைத்தவன் நான்.

முதல் முறை வாசித்து முடித்ததும் "நீ சொல்லு" என்றாள். என் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. "ஒண்டும் வரல்லியா? பறவாயில்லடா" என்றாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பறவாயில்ல'... அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவளை இரத்தம் கழுவ ஏற்றிப் போனபோது, விளக்கவுரையின் ஒரு பாகத்தைச் சாரத் துணியில் சுற்றி ஓட்டோவின் பின்சீற்றுக்குக் கீழே ஒளித்துவைத்தேன். அவள் உள்ளே படுத்திருக்கும் மணித்தியாலங்கள் முழுக்க, வேப்பமர நிழலில் ஓட்டோவுக்குள் இருந்து, அடுத்து நாங்கள் வாசிக்கப்போகும் பகுதியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பக்கத்து ஓட்டோக்காரன் நிசாம் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், பாதராகப் போறியா? அப்ப ஓட்டோவ எனக்குத் தந்துட்டுப் போ!"

"வாய மூடுடா" என்றேன். புத்தகத்தையும் மூடினேன்.

அன்று பின்னேரம் வாசித்தது, கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ள வந்த பெண், இயேசுவோடு கதைத்துவிட்டுக் குடத்தை அங்கேயே விட்டு ஊருக்குள் ஓடிய கதை. அக்கா "நீ சொல்லு" என்றாள். நான் 'ம்ம்...' என்று இழுத்தேன், நாக்கைச் சப்பினேன், யோசிப்பவனைப்போல நடித்தேன்... நடித்தேன்!

"குடத்தை விட்டுட்டுப் போனா எண்டா... என்ன தாகத்துக்கு வந்தாவோ அந்தத் தாகமே மறந்துபோச்சு. அதானே அக்கா?"

அவள் கையைத் தட்டினாள். பிறகு சட்டப்படி விளக்கவுரையைத் திறந்து வாசித்தேன். அதிலும் அதுவே இருந்தது. இல்லாமல் எங்கே போகும்?

"டேய்! படிச்ச மனிசன் எழுதினதை நீ உன்ட வாயால சொல்லிப்போட்டாய்!"

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. சந்தேகம் வரக்கூடாதென்று சொற்களை மாற்றினேன். இடைக்கிடை வேண்டுமென்றே ஒரு பிழையும் விட்டேன். பாருங்கள், களவில் எவ்வளவு கவனம்!

ஏன் செய்தேன்? ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது அவளுடைய முகம் சாம்பல் மாதிரி இருக்கும். கால் குறண்டி இழுக்கும். ஓட்டோவில் ஏறிச் சாய்ந்ததும் "இண்டைக்கு என்னடா யோசிச்சு வைச்சிருக்கிறாய்?" என்று கேட்பாள். நான் சொல்லச் சொல்ல அந்த முகத்தில் இரத்தம் திரும்பி வரும். அந்த முகத்துக்காகத்தான் செய்தேன்...

இல்லை. அப்படிச் சொல்லி நானே என்னைத் தப்பவிடுகிறேன். அவள் என்னை மெச்சியது எனக்கும் இனித்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதில்லை.

ஒருநாள் அக்கா மூன்று பாகங்களையும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இதைக் காக்காட்டத் திருப்பிக் குடுத்திட்டு வா. வேற ஆருக்கும் உதவட்டும். நமக்கு நீ இருக்கிறாய்தானே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும்! நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகங்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன்.

"என்ன தம்பி, ஓதி முடிச்சிட்டீங்களா?" என்று காக்கா கேட்டார்.

"ஓம் காக்கா" என்றேன். அவருக்கும் பொய்.

அதற்குப் பிறகு ஒளிப்புத்தான். இண்டைக்கு ஓட்டோ ஓட்டம் அதிகம் என்பேன், தலையிடி என்பேன். அக்கா காத்திருப்பாள். அதற்குள் அவளுடைய கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். சுவரைப் பிடித்துப் பிடித்து நொண்டினாள். அந்த நாட்களில்தான் யாக்கோபின் கதைக்கு வந்தோம். இராமுழுக்க ஒருவரோடு மல்லுக்கட்டி, என்னை ஆசீர்வதிக்காமல் விடமாட்டேன் என்று பிடித்து நின்றவன். ஆசீர்வாதம் கிடைத்தது, ஆனால் ஆண்டவர் தொட்ட தொடை சுளுக்கி, விடியும்போது நொண்டி நொண்டிப் போகிறான்.

வாசித்து முடித்தேன். அக்கா தன் கட்டுப்போட்ட காலைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆசீர்வதிச்சவர் ஏன்டா அவனை நொண்ட விட்டவர்? நீ சொல்லு."

"பொறு அக்கா, பெற்றோல் அடிச்சிட்டு வாறன்" என்றேன். நேரே சாய்ந்தமருதுக்குப் போனேன். புத்தகங்கள் அதே மேல் தட்டில், அதே துணியில் இருந்தன. எட்டி எடுத்து அந்த இடத்தைத் தேடி நின்றபடியே படித்தேன்.

"கதிரையில இரிந்து ஓதுங்க தம்பி. நிண்டுக்கிட்டு ஓதுற பொத்தகமா இது?" என்று காக்கா கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. பாடமாக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அக்காவின் பக்கத்தில் இருந்து சொன்னேன். தன் பலத்தை நம்பி நடந்தவன் இனி மற்றவரில் சாய்ந்து நடக்கப் பழகத்தான் அந்த நொண்டல் என்று, வழுக்காமல், தடக்காமல் சொன்னேன்.

அவள் கையைத் தட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப பொத்தகத்தை மூடிப்போட்டு நீ சொல்லு."

என் கையில் ஒன்றுமில்லை! பைபிளைக்கூட மேசையில் வைத்திருந்தேன்.

"என்ன பொத்தகம் அக்கா? கையில ஒண்டும் இல்லியே."

அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். வெறுங்கையைத் தடவினாள். சின்னதாகச் சிரித்தாள்.

"ஓம்... இல்லத்தான்."

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? அல்லது கண் தெரியாதபடியால் நான் பைபிளைப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தாளா? எத்தனை தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன் என்னையே... அடுத்த முறை இரத்தம் கழுவப் போனவள் திரும்பி என் ஓட்டோவில் ஏறவில்லை.

இப்போது நினைக்கிறேன், என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. 'தெரியா அக்கா. உன்ட காலைப் பாக்க எனக்கும் ஆண்டவரோட கோவமா இருக்கு.' அவ்வளவுதான். எந்தப் பாகத்திலும் இல்லாத என்னுடைய ஒரே சொல். அதைக் கேட்கத்தான் அவள் அந்தச் சட்டமே போட்டாள். அதை மட்டும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அடக்கத்தன்று காக்கா வந்திருந்தார். "பொத்தகத்த உங்களுக்கெண்டு வெச்சிரிக்கன் தம்பி. வந்து எடுங்க" என்றார். நான் இன்னும் போகவில்லை. போக முகமில்லை. அவர் எங்கள் வேலிப் படலையடியில் நின்று இரண்டு கையையும் ஏந்தி அக்காவுக்காகத் துஆ கேட்டுவிட்டுப் போனார். யாரையும் கேட்காமல், தன்பாட்டில்.

ஞாயிறு நான் மேடையில் ஏறினால் அக்காவின் கேள்வியை மட்டும் உங்களுக்குச் சொல்வேன். பதில் இல்லை. பிறகு இறங்கிவிடுவேன். இதை வாசித்தபிறகு ஏற வேண்டாம் என்றால், அதுவும் சரி.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் நம் சபையில் இல்லை, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். என் எஸ்தர் அக்காவுக்காக நீங்கள் எல்லோரும் ஒருமுறை ஜெபியுங்கள். எழுதி வைத்த ஜெபத்தைப் பார்த்து வேண்டாம்... உங்கள் சொந்த வாயால்.