ராவுத்தர் போட்ட கதவு

கிபாயத்துல்லா ராவுத்தர் கடை பூட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். பலகைகளை வரிசையாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டு, திண்டுக்கல் பூட்டை மாட்டி இழுத்துப் பார்ப்பார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். எதிர்ச்சாரியில் தையல் மெஷின் போட்டிருந்த நான், "பூட்டு கையோட வந்துரப் போவுது ராவுத்தரே" என்று கேலி செய்வேன். "பூட்டாத எடத்துல எதுவும் தங்காதுப்பா" என்பார். அவ்வளவு நல்ல மனிதரை அந்த ஒரு எண்ணம்தான் கெடுத்தது.

கொடைக்கானல் பஜாரில் அவருக்குப் பூண்டு வியாபாரம். மேல்மலை ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மட்டக்குதிரையில் கொண்டுவரும் பூண்டை வாங்கிப் பழனிக்கு அனுப்புவார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஜன்னலில்லாத ஓர் அறை, புகை சுற்றும் ஓர் அடுப்படி, அவ்வளவுதான். அதற்குள் அவர் மனைவி ரஹ்மத் பீவி மூச்சு இழுப்போடு போராடிக்கொண்டிருந்தார். மருந்து பாதிதான் வேலை செய்யும், சாயங்காலமாவது வெளிக்காற்றில் உட்காரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துப்பட்டி போட்டுக்கொண்டு வெளியே வருகிற பெண், அந்தப் பஜாரில் எங்கே போய் உட்காருவார்?

கடைகளுக்குக் கீழே சரிவில் ஒரு பொதுப் பூங்கா இருந்தது. எந்தத் துரையோ ஆசையாகப் போட்டுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். பிறகு அதைக் கவனிக்க ஆளில்லை. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. எருமைகள் புரண்டு பாதையெல்லாம் சேறு. நடுவில் ஒரு பேரிக்காய் மரமும் அதன் கீழே ஒரு கல்பெஞ்சும் மட்டும் பிழைத்திருந்தன. ரஹ்மத் பீவி அங்கேதான் போய் உட்கார்ந்தார். புதர் மறைவில் துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டு மூச்சு விடலாம். சந்தை நாட்களில் மேல்மலையில் இருக்கிற கூக்கால் ஊரிலிருந்து பூண்டு கொண்டுவரும் சோலையம்மாளும் விற்று முடித்ததும் அந்தப் பெஞ்சுக்கு வந்துவிடுவார். ஒருவர் கொண்டுவந்த ரொட்டியை இன்னொருவர் தின்பதும், ஊர்க்கதை பேசுவதுமாக இருட்டும் வரை இருப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ரஹ்மத் பீவி அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தார். அன்றைக்கு ராவுத்தருக்குக் கோபம் வந்தது. பூங்காவைப் பெயருக்குப் பார்த்துக்கொள்ளும் கமிட்டித் துரைமாரிடம் போய்க் கேட்டார். "நீயே சுத்தம் செய்துகொள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்கள். சும்மா கிடக்கிற நிலத்தைக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்!

ராவுத்தர் இறங்கிவிட்டார். சோலையம்மாள் ஊர்க்காரர்களை அழைத்துவந்தார். சந்தைக்கு வரும்போதே குதிரை முதுகில் எருவையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சரிவைப் பூண்டு வயல் மாதிரியே படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கினார்கள். பெஞ்சுக்குப் பின்னால் மட்டும் செடியை வெட்டாமல் மறைவுக்கு விட்டார்கள். டேலியாவும் ரோஜாவும் வைத்தார்கள். அடுத்த வருஷம் அவை பூத்தபோது, நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். எங்கள் பஜாருக்குக் கீழே அப்படி ஓர் இடம் இருந்ததென்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எருமைகள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. சோலையம்மாள் ஒரு வழி சொன்னார்.

"எங்க காட்டுல வேலி போட்டு, ஆளு ஒருக்களிச்சு நொழையிற மாதிரி ஒரு சந்து விட்ருவோம் ராவுத்தரே. மனுசன் போவான், மாடு போவாது. அது போதும்."

"கதவில்லாம ஒரு எடமா? நாளைக்கு எவனாச்சும் செடியப் புடுங்கிட்டுப் போனா?"

"புடுங்குனா நட்டுக்கிரலாம்ல."

ராவுத்தர் கேட்கவில்லை. சுற்றிலும் சந்தில்லாமல் வேலி போட்டு, திண்டுக்கல்லுக்குப் போய் இரும்புக் கதவு செய்துகொண்டு வந்தார். தேடித் தேடி நல்ல பூட்டாக வாங்கினார். காலையில் திறந்து, இருட்டியதும் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கடை ஆணியில் மாட்டுவார். அந்த நாட்களில் ரஹ்மத் பீவியின் இருமலும் குறைந்திருந்தது. ராவுத்தர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சீசனுக்கு வந்த துரைசானிகள் பூங்காவைப் பார்த்தார்கள். கமிட்டிக்கு உடனே பாசம் பொங்கிவிட்டது. ராவுத்தரைக் கூப்பிட்டுக் கைகொடுத்துப் புகழ்ந்து, இனிமேல் பராமரிப்பை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், காவல்காரர் போடுகிறோம் என்றார்கள். சாவி கேட்டார்கள். ராவுத்தர் இரண்டு சாவியையும் கொடுத்தார்.

"ஒண்ண வச்சுக்கிறக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஒரு பூட்டுக்கு ரெண்டு மொதலாளி ஆகாதுப்பா" என்றார். பெருமை முகத்தில் வழிந்தது.

அந்த வாரமே கதவில் பலகை தொங்கியது. மூட்டை முடிச்சோடு வரும் சந்தை ஜனங்களுக்கும் பஜார்க்காரர்களுக்கும் உள்ளே அனுமதி இல்லை. சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்று ராவுத்தர் சொல்லிக்கொண்டிருந்தார். சீசன் முடிந்தது, பலகை இறங்கவில்லை. புதராகக் கிடந்தவரை அது எங்களுடையது. பூத்ததும் அவர்களுடையதாகிவிட்டது.

ராவுத்தர் தோள் துண்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு கமிட்டிக்குப் போனார். மரியாதையாகத்தான் பேசினார்களாம். நீ பூங்காவை உண்டாக்கியவன், நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். சம்சாரத்துக்குக் கேட்டார். ஒருவரை விட்டால் எல்லோரும் வருவார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"பரவால்லங்க, கடை வாசல்லயே ஒக்காந்துக்கிறேன்" என்றார் ரஹ்மத் பீவி. எங்கே உட்காருவது? வாசலில் பூண்டு மூட்டை, குதிரை, போகிற வருகிற ஆண்கள். மறுபடியும் அந்தப் புகைக்குள் போனார். சந்தை நாளில் சோலையம்மாள் வந்து அடுப்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். இரண்டு மழைக்காலம் கழித்து ரஹ்மத் பீவி மௌத்தானார். நெஞ்சுக்கோளாறு அப்படித்தான் முடியும், காற்று வாங்கியிருந்தாலும் அதிகம் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். ராவுத்தர் அதை நம்பவேயில்லை. அதன்பின் அவர் பூங்காப் பக்கம் திரும்பவும் இல்லை. கடைக்கு ஒப்புக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் போவார், இழுத்துப் பார்க்க மாட்டார்.

யுத்தம் வந்ததும் கமிட்டித் துரைமார் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். காவல்காரரும் வேலையை விட்டு நின்றுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராவுத்தர் கடையிலிருந்து சம்மட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சந்தைக்கு வந்திருந்த சோலையம்மாளும் பஜார்க்காரர்கள் நாங்களும் பின்னாலேயே போனோம். நல்ல பூட்டு, லேசில் உடையவில்லை. தள்ளாத வயதில் வியர்க்க வியர்க்க அடித்தார். நாங்கள் வாங்கிக்கொள்ளப் போனாலும் கொடுக்கவில்லை. உடைத்த பிறகு கதவையும் கீலிலிருந்து கழற்றச் சொன்னார்.

சோலையம்மாள்தான் முதலில் உள்ளே போனார். மறுபடியும் உண்ணிச்செடி மண்டியிருந்தது. பெஞ்சைத் தேடிப் போய், ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டிருந்தார். ராவுத்தர் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க ராவுத்தரே. இனி எல்லாருக்கும் தொறந்துதான கெடக்கு."

"எனக்கு என்னைக்கும் தொறந்துதான ஆத்தா கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சம்மட்டியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு ஏறிப் போனார்.