ஐயாவுக்கு வைத்த கல்

அழுகிய தாமரைக் கிழங்கும் செத்த மீனும் கலந்த சேற்று நாற்றம் மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நீர்வேலிக்கு அண்மையிலிருந்த எங்கள் ஊர்க் குளத்தை ஒரு வெள்ளைக்காரத் துரை பார்க்க வருகிறார் என்று சேற்றை வாரிக் கரையில் கொட்டிய நாட்களின் நாற்றம் அது.

என் ஐயா பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு நாட்களில் வலிகாமத்துக் குளம், கேணி, வாய்க்கால்களையெல்லாம் நடந்து பார்த்து, வயதானவர்களைக் கேட்டு, அவற்றின் சரித்திரத்தைப் புத்தகமாக அச்சிட்டவர். எங்கள் குளத்தை வெட்டியவர்கள் யாரென்றும், அவர்களின் சந்ததியே அதில் ஒரு குடம் தண்ணீர் அள்ள விடப்படவில்லையென்றும் அதில் எழுதியிருந்தார். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் எங்கள் முற்றத்தில் நின்றே, "உந்தப் பக்கத்தைக் கிழிச்செறியும், வாத்தியார்" என்றார். ஐயா குரலை உயர்த்தவில்லை. "வெட்டினவனுக்குத் தண்ணி இல்லையெண்டால் உது குளமில்லை, களவு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நன்மை தீமைக்கு ஊரவர் எவரும் வரவில்லை. ஐயா காய்ச்சலில் கிடந்து செத்தபோது பாடை தூக்கக்கூட ஆளில்லை. நெல்லியடியிலிருந்து மாமாமார் வந்துதான் தூக்கினார்கள். சுடலைக்குப் போகும் வழியில் விதானையாரின் வாசற்படலை சாத்தியிருந்தது.

அடுத்த ஆண்டே அதே விதானையார் வெற்றிலைத் தட்டோடு வந்தார். குளம் பார்க்க வரவிருந்த துரை, என் ஐயாவின் புத்தகத்தைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு விசாரித்தாராம். குளக்கரையில் பூமரம் நட்டுப் 'பார்க்' அமைத்து, அதில் ஐயாவுக்கு ஒரு கல்லும் நாட்டப் போகிறார்களாம். கல்லை மூடிய சீலையை அம்மாதான் இழுக்க வேண்டுமாம். தெருவில் அம்மாவைக் கண்டால் சகுனப் பிழையென்று திரும்பிப் போன மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது எனக்கு அருவருப்பாக இருந்தது. அம்மா மட்டும் அமைதியாக, "வாறன்" என்றாள்.

துரை காரிலிருந்து இறங்கும் இடத்திலேயே கல் இருக்க வேண்டுமென்று, மழைத்தண்ணீர் குளத்துக்கு வரும் வாய்க்காலின் வாயை அடைத்து மேடை கட்டியிருந்தார்கள். குளத்தை வெட்டியவர்களின் சந்ததியார் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். மாலை, மேளம், பன்னீர் எல்லாம் முடிந்து அம்மாவைக் கூப்பிட்டபோது, அவள் சீலையைத் தொடாமல் விதானையாரைப் பார்த்தாள்.

"இந்தக் குளத்தைப் பற்றி இவர் எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ. பிறகு இழுக்கிறன்."

"உது இப்ப தேவையில்லாத கதை, பிள்ளை."

"அப்ப அவரும் உங்களுக்குத் தேவையில்லை."

என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா மேடையிலிருந்து இறங்கினாள். துரை என்னவென்று கேட்க, துக்கம் தாங்க முடியாமல் போகிறாள் என்று யாரோ மொழிபெயர்த்தார்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது; விதானையாரே சீலையை இழுத்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்றவர்கள், எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை வரை எங்களோடு நடந்து வந்தார்கள்.

அந்த மாரியில், குளத்துக்குள் போக வழியில்லாத வெள்ளம் அவர்களின் குடிசைகளுக்குள் ஏறியது. மேடையை உடைத்து வாய்க்காலைத் திறந்துவிடும்படி அவர்கள் போய்க் கேட்டபோது, அது வாத்தியாருக்குச் செய்யும் அவமரியாதை என்று விதானையார் சொல்லி அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட இரவு அம்மா சாப்பிடவில்லை. ஐயாவை உயிரோடு ஒதுக்கிவைத்தவர்கள், செத்த பிறகு அவரைக் கொண்டே அந்தச் சனத்தின் வாசலை அடைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அண்மையில் அந்தப் பக்கம் போயிருந்தேன். தண்ணீர் வரத்து நின்ற குளம் மெல்ல மெல்லத் தூர்ந்து, இப்போது குப்பை கொட்டும் பள்ளமாகிவிட்டது. பூமரங்கள் இல்லை. ஐயாவின் புத்தகத்தில் ஒரு பிரதிகூட ஊரில் எவரிடமும் இல்லை. கல்லுக்கு மட்டும் யாரோ புதிதாக வெள்ளை அடித்து, எழுத்துகளுக்குக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். 'எம் குளங்களைக் காத்த பெருமகன்' என்றிருந்தது. வாயில் ஊறிய எச்சிலை அங்கேயே காறித் துப்பிவிட்டு வந்தேன்.