அளவெடுக்க வந்தவள்

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்து அணைந்து எரியும் விளக்கு என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சல் இல்லை, தூங்கவும் இல்லை. இதில் ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்.

அப்போது என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலைக்கு ஸ்கூட்டரில் போனவள். லாரி. அதற்கு மேல் எழுத வரவில்லை.

அவள் வேலையே அளவெடுப்பதுதான். வீடுகளுக்கு அலமாரி, சமையலறை மேடை எல்லாம் செய்து பொருத்தும் ஒரு கம்பெனியில் இருந்தாள். காதில் பென்சில், கையில் இரும்பு டேப். சர்ரென்று இழுப்பாள், டக்கென்று விடுவாள். சுவரில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் சென்டிமீட்டரில் அளவு. ஏழு எழுதினால் அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு. ஒன்றோடு குழம்பிவிடக் கூடாதாம். மளிகைச் சீட்டில்கூட அப்படித்தான் எழுதுவாள்.

அவள் ஒரே பிள்ளை. மாமா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் போன துக்கத்தில் இருவரும் படுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். படுக்கவில்லை. வீட்டை இடிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் குளியலறைக் கதவை எடுத்துவிட்டு அகலமாக வேறு கதவு. பிறகு சுவரில் கைப்பிடிக் கம்பிகள். வாசல் படிகளை மூடிச் சரிவாக சிமென்ட். சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு சீட்டாட்டம். ஞாயிறு மத்தியானம் ஆனால் இரண்டு பேரும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஏரிக்கரை, பூங்கா, யாராவது நண்பர் வீடு. நான் பார்த்தவரை ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

காலையில் நான் போய் மாமாவுக்கு ஏணி பிடிப்பேன்.

“நாப்பது வருஷம் முத்திரை குத்துன கை மாப்ள இது. சுவத்துல நாலு ஓட்டை போடாதா?”

“போட்டாரே, தண்ணிக் குழாய்ல,” என்பார் அத்தை. “அன்னிக்கு நம்ம வீட்டுல நீச்சல் குளம்.”

“நரம்பு கிடைக்காம நீ எத்தனை பேரைத் துளைச்சிருப்ப, நர்ஸம்மா? நான் கேட்டேனா?”

சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. மரத்துப் போயிருந்தேன். இவர்களால் மட்டும் எப்படி முடிகிறது?

சில விஷயங்கள் நெருடின. ஸ்விட்சுகளையெல்லாம் கழற்றி இடுப்பு உயரத்துக்கு இறக்கியிருந்தார்கள். விளக்குப் போட அத்தை ஒவ்வொரு முறையும் குனிந்தார். குளியலறைக் கம்பி மாமாவின் கைக்கு வாகாக இல்லை. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. யாருக்கு இதெல்லாம் என்று கேட்டால், “வயசாகுதுல்ல மாப்ள” என்று பேச்சை மாற்றுவார்.

ஒரு நாள் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க அலமாரியை நகர்த்தினேன்.

பின்னால், சுவரில், பென்சிலால் ஒரு வட்டம். உள்ளே கூட்டல் குறி. பக்கத்தில் 97. ஏழின் இடுப்பில் கோடு.

“அவ எப்ப போட்டது இது?”

மாமா பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த பிரஷ்ஷையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“போன ஞாயித்துக்கிழமை,” என்றார் அத்தை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தை என்னை உட்காரவைத்து, நோயாளிக்கு மருந்து சொல்வது போல நிதானமாகச் சொன்னார். மகள் போன இரண்டாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். குளியலறைக் கதவுப் பக்கத்தில் முதல் குறி. பழையது என்று நினைத்து அழித்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வெளியே போய்வந்து பார்த்தால், அதே இடத்தில் அதே குறி. இன்னும் அழுத்தமாக.

“சொன்னா செய்யணும்ல தம்பி. சின்ன வயசுலேருந்தே ரெண்டு தடவை சொல்ல வைச்சா கோவம் வரும் அவளுக்கு.”

“நீங்க இருக்கும்போது வரமாட்டாளா?”

“மாட்டா. ஒரு வாரம் உள்ளயே ஒளிஞ்சிருந்து பார்த்தோம். வரல. அப்புறம் ஒரு மாசம் வரவே இல்ல.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “அதான் மாப்ள கிளம்பிடறோம். சீட்டாடுறதும் அதுக்குத்தான். யார் வீட்டுக்காவது கூப்பிடணும்ல எங்களை. எத்தனை வாரம்தான் ஏரியையே பாக்கிறது?”

அவர்கள் ஊர் சுற்றவில்லை. மகளுக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு நான் வீட்டில் இருக்கிறேன் என்றேன். மாமா வேண்டாம் என்றார். முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. “இதுவும் போயிட்டா நாங்க என்ன பண்றது மாப்ள?”

எனக்கும் அது தெரியும். ஆனால் எட்டு மாதமாக என் வீட்டில் ஒரு டம்ளர்கூட நகர்ந்ததில்லை. அவள் குரல் எனக்கு மறந்துகொண்டே வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை.

அத்தைதான் முடிவு சொன்னார். “இருக்கட்டுங்க. புருஷன்தானே.” பிறகு என் பக்கம் குனிந்து, “வந்தான்னா... வலிச்சுதான்னு மட்டும் கேளுங்க தம்பி.”

அந்த ஞாயிறு 2:10க்கு அவர்கள் கிளம்பினார்கள். மாமா வெளியே பூட்டினார். தெருமுனை வரை அவர்கள் பேசிக்கொண்டு போவது கேட்டது.

கூடத்தைத் தாண்டிக் கடைசி அறை, கல்யாணத்துக்கு முன் அவள் இருந்தது. அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அறைக் கதவை மூடிவைத்திருந்தேன். அந்தக் கதவு திறந்தால் கிரீச்சென்று கத்தும். எண்ணெய் போட்டாலும் கத்தும். யார் வந்தாலும் தெரிந்துவிடும்.

2:30. ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.

2:40. அந்தச் சத்தம் நின்றது.

சமையலறையில்...

சர்ர்ர்... டக்.

எழுந்து உட்கார நினைத்தேன். முடியவில்லை. பயம் என்று அப்போது தோன்றவில்லை. சந்தோஷம் போலத்தான் இருந்தது. அவள்தான். டேப்பைப் பாதியில் நிறுத்தி, கட்டைவிரலால் தடுத்து, பிறகு விடுவாள். அதே இடைவெளி.

சர்ர்ர்... டக். இப்போது கூடத்தில்.

சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்த சத்தம் கேட்கவில்லை.

சர்ர்ர்... கதவுக்கு வெளியே.

டக்.

கதவு கத்தும் என்று காத்திருந்தேன்.

கத்தவில்லை.

அடுத்த சத்தம் அறைக்குள் கேட்டது.

பிளைவுட் வாசனை. புதிதாக அறுத்த பலகை வாசனை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் இருக்கும் அதே வாசனை. திரும்பினால் பார்த்துவிடலாம். அதற்காகத்தான் வந்திருந்தேன். கண்கள் தாமாக இறுக மூடிக்கொண்டன.

என் குதிகாலில் ஏதோ பட்டது.

சில்லென்று. டேப்பின் நுனி.

அது மெல்ல மேலே வந்தது. கெண்டைக்கால். முழங்கால். தொடை. இடுப்பில் வந்து நின்றது.

டக்.

மறுபடி குதிகால். மறுபடி இடுப்பு.

அவ்வளவுதான். இடுப்போடு நிறுத்திவிட்டாள்.

பிறகு இடுப்பிலிருந்து தலைவரை. தனியாக.

என்னை இரண்டு துண்டாக அளந்தது போல...

பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

தலைக்கு மேல், சுவரில் பென்சில் தேயும் சத்தம். வட்டம். ஒரு கோடு. இன்னொரு கோடு. பிறகு எழுத்து.

நின்றது.

என் கன்னத்தில் ஈரம். ஒரு சொட்டு. அது வழிந்து தலையணையில் இறங்கியது.

நான் அழவில்லை. எனக்கு அழுகை வருவதில்லை.

பக்கத்து வீட்டில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மறுபடி கேட்டது. மணி 3:05.

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கேட்டீங்களா?”

“இல்ல அத்தை. கண்ணையே திறக்கல.”

அத்தை என் தோளில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் வட்டம், கூட்டல் குறி, 77. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் கோடு.

“ஜன்னலை இறக்கச் சொல்றா,” என்றார் மாமா. மறுநாளே ஆளைக் கூப்பிட்டார்.

பதினைந்து நாள் போயிருக்கும். மழை. அலுவலகப் படிக்கட்டில் ஈரம். நான்கைந்து படிதான் வழுக்கி விழுந்தேன். சிரித்தபடியே எழுந்திருக்கப் பார்த்தேன். கால்கள் வரவில்லை. முதுகெலும்பில் அடி என்றார்கள். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் வந்தார். என்னை வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தார். எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிப் போகிறோம் என்று அத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

“பாத்ரூம் கதவு சக்கர நாற்காலி நுழையற அகலம் வேணும்மா.”

“இருக்கு.”

“சுவத்துல கம்பி. இவர் கை நீளத்துக்கு ஏத்த மாதிரி.”

“இருக்கு.”

“வாசல்ல படி இருந்தா...”

“சரிவா போட்டாச்சு.”

“ஸ்விட்சு எல்லாம் உட்கார்ந்த கைக்கு எட்டணும். ஜன்னல் தாழ்வா இருந்தா மனசுக்கு நல்லது. தெருவைப் பாத்துக்கிட்டு இருப்பார்.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். “உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது இப்படி இருந்தாங்களாம்மா?”

“யாரும் இல்ல.”

“அப்ப யாருக்காகச் செஞ்சீங்க?”

மாமா என் காலருகில் நின்றிருந்தார். போர்வைக்கு மேலாக என் பாதத்தைப் பிடித்திருந்தார். அங்கே எனக்கு உணர்ச்சி இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது அந்தக் கடைசி அறையில்தான் இருக்கிறேன். எல்லாம் கைக்கு எட்டுகிறது. ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஆனால் என்னையும் கிளப்பிவிடுகிறார்கள். நான் இருந்தால் வீடு காலி இல்லையே. மாமா தள்ளுவார். அத்தை குடை பிடிப்பார். “உங்க வண்டிக்கு ஒரு ஹார்ன் வச்சுடலாம் மாப்ள, வழியே விடமாட்டேங்கிறாங்க” என்பார் மாமா. ஏரிக்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம். திரும்பியதும் இருவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்ப்பார்கள். அலமாரிக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால். பிறகு வந்து டீ போடுவார்கள்.

ஆறு மாதம் ஒன்றும் இல்லை. அவள் வேலை முடிந்துவிட்டது, இனி வரமாட்டாள் என்று அத்தை ஒருநாள் சமையலறையில் தனியாக நின்று அழுவது கேட்டது. எனக்காகத்தான் வந்துகொண்டிருந்தாள் என்று அவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

போன ஞாயிறு.

அத்தை அவர்கள் படுக்கையறையிலிருந்து கூப்பிட்டார். சத்தமாக இல்லை. மாமா என்னையும் தள்ளிக்கொண்டு போனார்.

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், தாழ்வாக, வட்டம். உள்ளே கூட்டல் குறி. பக்கத்தில் 57. படுத்திருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும் உயரம்.

மாமா குனிந்து பார்த்தார். அது அவர் படுக்கும் பக்கம்.

“அப்பாடா,” என்றார்.

“என்னங்க அப்பாடா?”

“உன் பக்கம் இல்லையே.”

அத்தை சுவரில் விரல் வைத்தார். பென்சில் கோடு அழிந்துவிடாமல், அதை ஒட்டி. “நல்லாத்தானே இருக்கீங்க? காலைலகூட ரெண்டு மைல் நடந்தீங்க.”

“நல்லாத்தான் இருக்கேன். அதை விடு. வந்திருக்கா பாரு. ஆறு மாசம் கழிச்சு வந்திருக்கா.”

அவர் முகம் மலர்ந்திருந்தது. அத்தை முகத்தைப் பார்த்தேன். அதுவும்தான்.

மாமா டிரில்லிங் மெஷினை எடுக்க உள்ளே போனார். சாமான்களை உருட்டிக்கொண்டே, அங்கிருந்து கேட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க போலாம்?”