தாரைவார்ப்பு இல்லாத டிவிடி

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று பிரான்சுக்குப் போன மனைவி, பிறகு அடுத்த பேரப்பிள்ளைக்கும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். புங்குடுதீவு வீட்டில் நான் மட்டும். பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர் வேலை. பென்சன் எடுக்கும்வரை ஊரைவிட்டு அசைய முடியாது. வேலை முடிந்து வந்தால் மகன் விட்டுவிட்டுப் போன கணினிக்கு முன்னால் இருப்பேன். வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்று அதைச் சும்மா போட்டு வைத்த நாட்களும் உண்டு.

எங்கள் ஒழுங்கையில் ஆளிருக்கும் வீடு இன்னும் ஒன்றுதான். அங்கே ஒரு அக்காவும் அவருடைய கணவரும். அந்த அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும், அக்காவுக்கு மட்டும்தான் விளங்கும். அவர்களுடைய ஒரே மகளின் கலியாணம் கனடாவில் நடந்தபோது இருவராலும் போக முடியவில்லை.

கோயில் திருவிழாவுக்கு வந்த யாரிடமோ மகள் ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்பியிருந்தாள். அக்கா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார்.

“தம்பி, இதுக்குள்ளை பிள்ளையின்ரை கலியாணம் இருக்காம். போனிலை காட்டினால் அவருக்குக் கண் பிடிக்குதில்லை. கட்டிலுக்கு நேரை ரீவி கிடக்கு, டிவிடி போடுற பெட்டியும் கிடக்கு. அதிலை பாக்கிறமாதிரிச் செய்து தர ஏலுமே?”

“ஓம் அக்கா, பாப்பம்” என்றேன். எப்படிச் செய்வதென்று எனக்கே தெரியாது.

தேடிப் படித்துத்தான் விளங்கிக்கொண்டேன். அந்த வீடியோவை நன்றாகச் சுருக்கி அனுப்பியிருந்தார்கள். டிவிடிப் பெட்டிக்கு அந்தச் சுருக்கம் தெரியாது. கணினி ஒவ்வொரு படமாகப் பிரித்து, பெட்டிக்குத் தெரிந்த விதத்தில் திரும்பக் கட்டவேண்டும். சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். பாதி முடிகிறபோது கரண்ட் போனது. திரும்ப முதலிலிருந்து. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்க, சோற்றுக் கோப்பையுடன் அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

முதல் டிவிடியைப் போட்டதும் அக்கா திகைத்துப்போனார்.

“என்ன தம்பி, எல்லாரும் இப்பிடி மெலிஞ்சு போச்சினம்? அங்கை சாப்பாடில்லையே?”

அகலமான படத்தைப் பழைய ரீவியின் சதுரத்துக்குள் நெருக்கிவிட்டேன். அண்ணை வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதைத் திருத்த இன்னொரு சிக்கல். முழுக் கலியாணமும் ஒரு டிவிடிக்குள் அடங்கவில்லை. அடக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. கடைசியில் வரும் பேச்சுகளை வெட்டட்டுமா என்று கேட்டேன். அக்கா என்னோடு வாசல் படலைவரை வந்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பேச்சு கிடக்கட்டும். தாரை வாக்கிற இடத்தை எடுத்துவிடும் தம்பி. அதிலை அவரின்ரை தம்பியும் பெண்சாதியும்தான் எங்கடை இடத்திலை நிக்கினம். படுக்கையிலை கிடந்துகொண்டு அவர் அதைப் பாக்கப்படாது.”

பெண்ணின் கையைத் தகப்பன் மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் நீர் வார்க்கும் சடங்கு அது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பதற்காக அதை நான் பலமுறை ஓட்டவேண்டியிருந்தது. கடைசியில் ஐயரின் மந்திரத்திலிருந்து நேரே தாலிகட்டுக்குப் போகும்படி ஒட்டினேன். வெட்டியது தெரியவேயில்லை.

டிவிடியைக் கொண்டுபோய்ப் போட்டபோது, “நீரும் இரும் தம்பி” என்று அக்கா கதிரையை இழுத்துப் போட்டார். இருந்தேன். அண்ணை கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி ஏறி மேளம் உச்சத்துக்குப் போனபோது இடக்கையைத் தூக்கி ஏதோ சொன்னார். அக்கா ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் திரும்பவும் சொன்னார்.

“என்னவாம் அக்கா?”

“தாரை எங்கையெண்டு கேக்கிறார்.”

டிவிடியில் இடம் போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைய நேரம் குழறிக் குழறிப் பேசினார். அக்கா நிலத்தைப் பார்த்தபடி எனக்குச் சொன்னார்: “தான் பாக்கோணுமாம். பிள்ளையை ஆர் பிடிச்சுக் குடுத்தது எண்டு தனக்குத் தெரியோணுமாம்.”

அடுத்த ஞாயிறு ஒன்றையும் வெட்டாமல் இரண்டு டிவிடிகளாகச் செய்துகொண்டு போனேன். தாரைவார்ப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அங்கிருந்து ஒரு சட்டி பானைச் சத்தமும் வரவில்லை. திரையில் பெண்ணின் கையைப் பிடித்த தம்பிக்காரர், அதை மாப்பிள்ளையின் கையில் வைக்குமுன் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தார். அண்ணை முழுவதையும் பார்த்தார். பிறகு எனக்கும் விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“என்ரை... தம்பி... நல்லாச் செய்தவன்.”

“ஓம் அண்ணை, நல்லாச் செய்தவர்.”

திரும்பப் போடச் சொல்லிக் கை காட்டினார். இரண்டு பேரும் திரும்பப் பார்த்தோம். பிறகும் போடச் சொன்னபோது, அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் இருந்தார்.

அதன் பிறகு பின்னேரங்களில் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அந்தக் கலியாண மேளம் கேட்கும். அந்த மாரிகாலத்தில் அண்ணை செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில மாதங்களில் மகள் தாயைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாகனம் ஏறுமுன் அக்கா என் கையைப் பிடித்தார்.

“தனிச்சுப் போகப்போறீர் தம்பி.”

“நான் பழகிப்போனன் அக்கா” என்றேன்.

பழகவில்லை என்பது அடுத்த கிழமையே தெரிந்தது. ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு சனிக்கிழமை, மனைவி போனில் அனுப்பியிருந்த பேரப்பிள்ளைகளின் துண்டு வீடியோக்களை எல்லாம் ஒன்றாக்கி ஒரு டிவிடி செய்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அக்கா தந்துவிட்டுப் போன ரீவியில் போட்டேன். மூத்தவள் திரை நிறைய முகத்தைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிக்குப் போன் எடுத்து, அதை ரீவிக்குக் கிட்டப் பிடித்தேன்.

“உவள் என்ன சொல்லுறாள்?”

“உதோ? வெளியிலை விளையாடப் போகட்டோ எண்டு கேக்கிறாள். ஏன், உதை இப்ப ஏன் பாக்கிறியள்?”

“சும்மாதான்” என்றேன். வழமையாக அவசரமாக வைத்துவிடுகிறவள், அன்றைக்குக் கொஞ்சம் கூட நேரம் கதைத்தாள்.