ஆமைகளுக்காகக் கட்டிய கயிறு

நாகலிங்கம் இறந்த செய்தி எனக்குப் பால் வாங்கப் போன இடத்தில்தான் கிடைத்தது. அம்பத்தூர் தொழிற்சாலையில் இருபது வருடம் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் நான். வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். அந்த வருத்தம் இருக்கட்டும்.

அவரைத் தெரிந்த உங்களுக்குப் பருத்திப்பட்டு ஏரியும் தெரியும். ஏரிக்கும் வயலுக்கும் நடுவே பூந்தமல்லி சாலை. மழை பிடித்தால் ஆமைகள் ஏரியிலிருந்து வயலுக்குக் கிளம்பும். விடியற்காலை லாரிகள் அவற்றை நசுக்கிவிட்டுப் போகும். முதல் ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போகும் நாங்கள் தினமும் அதைப் பார்த்தோம். வேகத்தடை கேட்டு நான் மனு மேல் மனு எழுதினேன். பதில் இல்லை.

நாகலிங்கம் கயிறு கொண்டுவந்தார். ஆடி மாதம் கூழ் ஊற்ற நம் ஆட்கள் சாலையில் கயிறு பிடித்து வசூல் செய்வார்களே, அதே கயிறு. முதல் நாள் அது தப்பாகிப் போனது. வசூல் கும்பல் என்று நினைத்த லாரிக்காரன் காசுக்குப் பயந்து வேகத்தைக் கூட்டினான். நாங்கள் கயிற்றைக் கீழே விட்டோம். இரண்டு ஆமைகள் போயின.

மறுநாள் அவர் கயிறு நெடுக வேப்பிலை கட்டியிருந்தார். நான் சாமி கும்பிடாதவன். இது மக்களை ஏமாற்றும் வேலை என்று சண்டை போட்டேன்.

"உன் கொள்கைய ஆமை மேல ஏத்தாத. அந்தாண்ட முனையப் புடி" என்றார்.

வேப்பிலையை அறுத்துக்கொண்டு போக எவனுக்கும் மனம் வரவில்லை. ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கும்பிட்டார். சில்லறையை நீட்டினார்.

"காசு வாணாம் நைனா. மெதுவா போ, அது போதும்" என்றார் நாகலிங்கம்.

"காசு வாணாமா? அப்ப எதுக்கு கயிறு கட்டிகினு கீறே?"

"ஆமை போய்கினு கீது, பாரு."

"ஆமைக்கா வசூல்?"

"அதுங்க இன்னும் ரசீது புக்கு அடிக்கல மாமே."

டிரைவர் சிரித்துவிட்டார். ஆமை சாலையைத் தாண்டும்வரை பீடி பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு அந்த வழியாக வந்த லாரிகள் கயிறு இல்லாத நாளிலும் ஏரியோரம் வேகம் குறைத்தன.

வேப்பிலை தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் கயிற்றின் மறுமுனையில் நின்றவன் நான்தான். வேகத்தடையும் பிற்பாடு வந்தது. அது என் மனுவால் வந்தது என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் மழையில் ஆட்டோவில் ஏரியோரம் வந்தேன். மெதுவாகப் போகச் சொன்னேன்.

"இன்னா பெருசு, ரோட்டுல ஒண்ணுமே இல்லியே" என்றார் ஆட்டோக்காரர்.

"உன் கண்ணுக்கு இல்ல. மெதுவா போ."

அது நாகலிங்கத்தின் பேச்சு. அவர் சொன்ன எதையும் மறுத்துப் பேசாமல் நான் விட்டதில்லை. இதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன்.