சிங்கம் பார்க்கும் பக்கம்

அமெரிக்காவில், பிளசன்டனில் என் மகள் படிக்கும் பள்ளியில் வருடத்துக்கு ஒரு மாலை நாட்டுக்கொரு மேசை போட்டுக் கொடி வைப்பார்கள். எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாதாம். இலங்கை மேசைக்கு இரண்டே பேர்: என் மகள், அவளை ஒட்டிக்கொண்டே திரியும் சிங்களச் சிறுமி. இருவரும் சேர்ந்து கொடி வரைந்தார்கள். மகள் அதை வீட்டுத் தரையில் விரித்து, இதில் நாங்கள் எது என்று கேட்டாள். ஓரத்தில் தமிழருக்கென்று இருந்த செம்மஞ்சள் பட்டையைக் காட்டினேன். அப்படியானால் சிங்கம் ஏன் வாளைத் தூக்கிக்கொண்டு எங்களையே பார்க்கிறது என்றாள்.

அந்தக் கொடி பறந்த இராணுவச் சோதனைச் சாவடியில் புத்தகப்பையைக் கொட்டிக் காட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனவள் நான். எட்டு வயதுக்காரியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. விழாக் குழுத் தலைவிக்குப் போன் போட்டேன். சென்னைக்காரர். மேசை இருக்கட்டும், கொடி மட்டும் வேண்டாம் என்றேன்.

“அதுக்கு ஏங்க இவ்ளோ டென்ஷன்? நீங்களும் தமிழ்தானே. பாப்பாவ எங்க இந்தியா டேபிள்ல உக்கார வெச்சுடலாம். பட்டுப்பாவாடை போட்டுட்டா யாருக்கும் வித்தியாசமே தெரியாது.”

தெரியாதுதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். அந்தக் கொடியில் எங்களுக்கு ஓரத்தில் ஒரு பட்டையாவது இருக்கிறது. இவர் மேசையில் அதுவும் இல்லை. இதைப் பாசத்தோடு வேறு சொல்கிறார்.

அன்றைக்கே பள்ளி அதிபருக்கு எழுதினேன். ஒரு வரிகூட மென்மையாக எழுதவில்லை. எல்லாரும் பாதுகாப்பாக உணர வேண்டும் என்பதால் இலங்கை மேசையையே எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. புரிந்துகொண்டதற்கு முன்கூட்டியே நன்றியும் சொல்லியிருந்தார்கள். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விழாவன்று அந்தச் சிறுமியின் அம்மா பெரிய டப்பா நிறைய அச்சுமுறுக்கு மாதிரியான கொக்கிஸ் சுட்டுக்கொண்டு வந்து நின்றார். பள்ளி அவருக்குச் சொல்லவேயில்லை. நம்முடைய மேசை எங்கே என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் எழுதியதையும் நடந்ததையும் சொன்னேன். அவர் டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றார். கொடி வேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருக்கலாமே, நான் வைத்திருக்க மாட்டேனே என்றார்.

பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதற்காக வாராவாரம் அவருக்கு மெசேஜ் அனுப்புகிறவள் நான். குழுத் தலைவிக்குப் போன் போட்டேன், அதிபருக்குக் கடிதம் எழுதினேன். அவரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.