ஒற்றைக்கண்ணனுக்கு உள்ளே இருந்தவர்

பத்தொன்பது வருடம் நான் ஒரே மனிதருடைய முதுகைப் பார்த்துப் பிழைத்தவன். காலையில் அவர் முதுகு ஜிப்பை மேலே இழுப்பேன், மாலையில் கீழே இறக்குவேன். நடுவில் அவர் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த இயந்திரம். ஒற்றைக்கண்ணன் என்று சொன்னால் இன்றைக்கும் தெருவில் போகிற குழந்தை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, முழங்காலை மடக்காமல் நடந்து காட்டும். ஆறு படங்கள். ஆறிலும் அந்த உடுப்புக்குள் இருந்தது ஒரே ஆள். படப்பிடிப்பில் எல்லோரும் அவரை உள்ளாள் என்றே கூப்பிட்டோம்.

வெளியே அவரை யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. ஒற்றைக்கண்ணன் நிஜமான இயந்திரம் என்று முதல் படத்திலேயே கதை கட்டிவிட்டார்கள். டைட்டிலில் 'ஒற்றைக்கண்ணனாக ஒற்றைக்கண்ணன்' என்று போட்டார்கள். மனைவி, வீட்டிலிருப்பவர்களைத் தவிர யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று உள்ளாளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டாருக்கு மட்டும் ஏன் விலக்கு என்றால், முதுகுக் கொப்புளத்துக்கு மருந்து தடவ ஓர் ஆள் வேண்டுமே.

உடுப்பு முப்பத்தொரு கிலோ. ரப்பரும் ஃபைபரும். நெற்றியில் எரிகிற சிவப்புக் கண்ணுக்கும் பார்வைக்கும் சம்பந்தமே கிடையாது. கழுத்தில் இரண்டு ஓட்டை இருக்கும், அதன் வழியாகக் காலடித் தரை மட்டும் தெரியும். அதனால் அவர் எண்ணுவார். எட்டு நடை, இடது பக்கம் திரும்பு, மூன்று நடை, கையைத் தூக்கு. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார். உடம்பு இம்மி பிசகாது. ஆனால் முகமூடிக்குள் அந்த முகத்தைத் தட்டிக் கேட்க ஆளில்லை. கன்னத்தை உப்புவார், வியர்வையை நாக்கால் நக்குவார், கதாநாயகனின் பரம்பரையையே திட்டுவார். பக்கத்தில் நின்றால் எனக்குக் கேட்கும்: "அஞ்சு, ஆறு, அடப் பாவி, ஏழு."

அவர் வீட்டில் இன்னொரு ஆள் உண்டு, அவருடைய மச்சான். அம்மா போன பிறகு தம்பியைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தவர் உள்ளாளின் மனைவி. வளர்ந்த பிள்ளை எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டியதில்லை. அக்கா வீட்டு சோபாவில் வந்து படுத்தவர் அப்படியே தங்கிவிட்டார். உள்ளாள் முதுகுத் தோல் உரிந்து வீட்டுக்கு வந்து, இன்றைக்கு மூன்று மணி நேரம் தீக்குள் நின்றேன் என்று சொல்வார். சோபாவிலிருந்து பதில் வரும்.

"மாமா, பொம்மைக்குள்ள நிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்பு? ஒரு சிமெண்ட் மூட்டைய நிக்க வெச்சாக்கூட உங்கள விட நல்லா நடிச்சிட்டுப் போகும்."

அந்த அம்மாள் சிரித்துவிடுவார். "விளையாட்டுக்குச் சொல்றான், விடுங்க" என்பார். விளையாட்டு பத்தொன்பது வருடம் நடந்தது.

ஆறாவது படம் படுத்துவிட்டது. கம்பெனி கடையைக் கட்டியது. உள்ளாள் ஒரு கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கப் போனார். பின் கண்ணாடியில் ஒற்றைக்கண்ணன் ஸ்டிக்கர் ஒட்டிய கார்கள் அவரைத் தாண்டி உள்ளே போகும். ஒரு நாள்கூட அவர் வாயைத் திறந்து, அது நான்தான் என்று சொன்னதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த உலகத்தில் எழுதிக் கொடுத்ததை யாரய்யா காப்பாற்றுகிறான்?

பதினோரு வருடம் கழித்துப் புது டைரக்டர் தேடிக்கொண்டு வந்தார். முப்பது வயதுப் பெண். வந்ததும் உள்ளாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், அஞ்சு வயசுல உங்களப் பாத்துட்டுக் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சவ நான். இப்ப ஏழாவது பார்ட் எடுக்கறோம். பழைய ஆளுங்க யாரும் கிடையாது, எல்லாம் அடுத்த தலைமுறை. ஒற்றைக்கண்ணன் மட்டும் வர்றான். முதல் கால் மணி நேரத்துல சாகறான். செத்ததும் ஹீரோயின் தலையைக் கழட்டுறா. உள்ள மெஷின் இல்ல சார், மனுஷன். முப்பது வருஷமா இது மனுஷன்தான்னு ஜனங்களுக்கு அப்பதான் தெரியுது. அந்த முகம் உங்களோடது."

"என் முகமாம்மா?" என்று உள்ளாள் மூன்று தடவை கேட்டார்.

அடுத்த வாரமே பல் டாக்டரிடம் போய் விழுந்திருந்த முன்பற்கள் இரண்டையும் கட்டிக்கொண்டார். துணைக்குப் போனவன் நான். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது சொன்னார்: "டேய், ஒரே தடவ திரையில பெருசா வந்துட்டாப் போதும்டா. அப்புறம் நான் செத்தாக்கூட நாலு பேருக்குத் தெரியும், இவன்தான் அவன்னு." அவர் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

படப்பிடிப்புக்கு மச்சானும் வந்தார். மாமாவுக்கு முழங்கால் சரியில்லை, கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்று அக்கா அனுப்பியிருந்தார். வந்தவர் நிழலில் ஒரு நாற்காலியைப் பிடித்து, வருகிற பிஸ்கட்டையெல்லாம் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நடக்கிற ஷாட், விழுகிற ஷாட் எல்லாம் ஒரே டேக்கில் முடிந்தன. அறுபது வயதில் அந்த மனிதர் விழுந்த விழுகைக்கு யூனிட்டே எழுந்து நின்றது. பிறகு முகம். கதாநாயகி கொக்கிகளை அவிழ்த்து, தலையைக் கழற்ற வேண்டும். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்க வேண்டும். மெதுவாகக் கையைத் தூக்கி, பாதியில் விட்டுச் சாக வேண்டும்.

தலை கழன்றது. அவர் வாய் அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, கையைத் தூக்கு. நாலு, ஐந்து, விடு.

"கட். சார், உதட்ட மட்டும் அசைக்காதீங்க."

"சரிம்மா."

மறுபடியும் எண்ணினார். தான் எண்ணுவது அவருக்கே தெரியவில்லை. பத்தொன்பது வருடம் யாரும் பார்க்காத முகம், யாரும் பார்க்காத மாதிரியே நடந்துகொண்டது. நாலாவது டேக்கில் சாகிற நேரத்தில் கன்னத்தை உப்பினார். ஆறாவதில் நாக்கு வெளியே வந்து மேலுதட்டை நக்கியது. லைட் போடுகிறவர்கள் முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு பொத்தாமலே சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினால், எண்ணிக்கை இல்லாமல் கை எழும்பவே இல்லை. பதினோராவது டேக்கில் உதவி டைரக்டர் ஒருவன், தெரியாத மாதிரி உதட்டில் டேப் ஒட்டலாம் என்றான். ஒட்டினார்கள். வாயை ஒட்டியதும் புருவம் எண்ண ஆரம்பித்தது.

டைரக்டர் அவரை மானிட்டருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். முதல் முறையாகத் தன் முகம் நடிப்பதை அவர் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். "இது நானா?" என்று கேட்டார்.

பதினேழாவது டேக் முடிந்ததும் மேக்கப் போடுகிற அம்மாள், நிழலில் உட்கார்ந்திருந்த மச்சானைக் காட்டினார். "மேடம், அந்த முகத்தப் பாருங்களேன். ஒண்ணுமே செய்யாமயே எவ்வளவு சோகமா இருக்கு." ஒன்றுமே செய்யாமல் இருப்பதில்தான் அவர் மன்னர் ஆயிற்றே. டைரக்டர் உள்ளாள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, பொய் சொல்லவில்லை.

"சார், கழுத்துக்குக் கீழ நீங்கதான். மேல மட்டும் அவர் இருக்கட்டும். வெளிச்சம் போகுது சார்."

"சரிம்மா" என்றார்.

மச்சான் தரையில் படுத்தார். படுப்பதில் அவருக்கு முப்பது வருட அனுபவம். ஒரே டேக்.

இதோடு போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஆனால் பத்திரிகைகளுக்கான குறிப்பைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள்: 'முப்பது ஆண்டுகள் முகமூடிக்குள் வாழ்ந்த மனிதர் இவர்தான்.' விளம்பர ஆபீஸில் வாசகத்தை அப்படியே விட்டுவிட்டு, படத்தில் வந்த முகத்தின் போட்டோவை மட்டும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தலை கழன்று மச்சான் முகம் தெரிந்தபோது தியேட்டர் தியேட்டராக ஜனங்கள் அழுதார்கள்.

முதல் இரண்டு பேட்டியில் மச்சான், "நான் இல்லீங்க, எங்க மாமாதான்" என்று சொன்னார், அதை மறுக்க மாட்டேன். என்ன ஒரு தன்னடக்கம் என்று எழுதினார்கள். மூன்றாவது பேட்டியில் சும்மா சிரித்தார். நாலாவதில் தீக்குள் மூன்று மணி நேரம் நின்ற கதையைச் சொன்னார். சோபாவில் படுத்துக்கொண்டு கேட்ட கதைதான், ஒரு வார்த்தை மாறவில்லை. டைரக்டர் புதுக் கம்பெனியிடம் திருத்தச் சொல்லிப் பார்த்தார். ஓடுகிற படத்தில் கை வைக்காதீர்கள் என்றார்கள். எட்டாவது பாகத்துக்கு மச்சானை ஒப்பந்தம் செய்தார்கள். "கடைசில என் தம்பியும் ஒரு ஆளாயிட்டான்" என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பெரிய தியேட்டரின் முன்கூடத்தில் ரசிகர்கள் விழா. மேடையில் மச்சான் உட்காருவார், பக்கத்தில் ஒற்றைக்கண்ணன் நிற்க வேண்டும். உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்க யார் இருக்கிறார்கள்? அக்காவே கணவரிடம் கெஞ்சினார். "ஏங்க, அவனுக்காக ஒரு மணி நேரம். எனக்காக." அவரும் வந்தார். நான் ஜிப்பை இழுத்துவிட்டேன்.

நாற்பது நிமிடம் நின்றார். மச்சான் மைக்கைப் பிடித்து, முதுகுத் தோல் உரிந்ததை விவரித்துக்கொண்டிருந்தார். அப்போது உடுப்புக்குள்ளிருந்து உள்ளாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"தலையைக் கழட்டுடா."

கழற்றினேன். முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"நான்தான்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஆறு படமும் நான்தான். இவன் இல்ல."

முன்வரிசையில் ஒற்றைக்கண்ணன் சட்டை போட்டிருந்த ஒரு ரசிகன், மரியாதையாகத்தான் சொன்னான்: "பெரியவரே, பிள்ளைங்க எல்லாம் பாக்குது. மாட்டிக்கோங்க."

"நடந்து காட்டறேன். நடையப் பாத்தாத் தெரியும்" என்று நாலு அடி எடுத்து வைத்தார். அப்பழுக்கில்லாத நடை. உடனே அந்த ரசிகன் எழுந்து நடந்து காட்டினான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர். ஒரு சின்னப் பெண்கூட நடந்தாள். எல்லோருக்கும் அச்சு அசலாக வந்தது. முப்பது வருடமாக அவரைப் பார்த்துப் பழகிய நடை அல்லவா? கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

யாரோ முன்வரிசையில் குடும்பத்தாருக்கான நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் மைக்கை நீட்டினார்கள். "அம்மா, நீங்க கூடப் பொறந்தவங்க. நீங்களே சொல்லுங்க, உள்ள இருந்தது யாரு?"

அக்கா தன் கணவரின் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் அந்த முதுகுக்கு மருந்து போட்ட கை மைக்கைப் பிடித்திருந்தது. பிறகு மேடையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"என் தம்பிதாங்க" என்றார். "இவரு சும்மா உடுப்புப் போட்டுக்கிட்டு நிக்க வந்தவரு."

உள்ளாள் என் பக்கம் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. "சொல்லுடா" என்றார். அந்தப் புதுப் பற்கள் தெரிந்தன.

எட்டாவது பாகத்தில் என்னை உடுப்புப் பிரிவுக்கே பொறுப்பாகப் போடுவதாக மேனேஜர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அவமானமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் தலையை எடுத்து அவருக்கு மாட்டினேன். கொக்கிகள் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டேன்.